சக்கரத்துக்கு வெச்ச எலுமிச்சம்பழம்

நீயே சன்னலோரம் உக்காந்துக்க கண்ணு. எனக்கு மூஞ்சியில காத்து அடிச்சா ஒத்துக்காது. இந்தப் பையை மட்டும் உன்ற காலுகிட்ட வெச்சுக்கறேன், மிதிச்சுராத.

கோயமுத்தூர் வரைக்குமா? நாங்களும் அங்கதான். அதா, அந்தப் பக்கத்து வரிசையில, நமக்கு முந்துன சீட்டு, நீலக் கோடு போட்ட சட்டை. அவருதான் என்ற ஊட்டுக்காரரு. மூளை டாக்டருகிட்டக் கூட்டிட்டுப் போறேன். பாத்தாத் தெரியுதா? தெரியாது. எனக்கு எடம் புடிச்சுக் குடுத்ததே அவருதான். ஆனா உள்ளுக்குள்ள ஞாபகம் கரைஞ்சுக்கிட்டு இருக்குது. எனக்குப் பயமா இருக்குது கண்ணு. முன்னப் பின்னத் தெரியாத புள்ளைகிட்ட இதையெல்லாம் சொல்றாளேன்னு நெனைக்காத. சொல்லலைன்னா நெஞ்சு வெடிச்சுரும்.

எல்லாம் அந்தக் காருனால வந்த வினை.

பழைய பியட்டு காரு. எங்க சுகந்தி பொறக்கறதுக்கு முந்தி ஒரு எஸ்டேட் மேனேஜர்கிட்ட வாங்கினது. மனுசனுக்குப் பொண்டாட்டி நானா அந்தக் காரான்னு எனக்கே சந்தேகம் வரும். மில்லுல ஸ்டோர் பாத்தவரு அவரு. எந்த அலமாரியில எந்த ஆணி கெடக்குதுன்னு கண்ணை மூடிட்டுச் சொல்லுவாரு. அப்பேர்ப்பட்ட ஞாபகம்.

போன மழைக்குக் காருக்குள்ள கால் வைக்கற எடமெல்லாம் ஈரம். மேல கண்ணாடி நல்லா இருக்குது, கதவு நல்லா இருக்குது, தண்ணி எங்கிருந்து வருது? தாஜுதீன் பாய்னு எங்க மெக்கானிக். அவரு அடியில படுத்து ஸ்குரூடிரைவரால லேசாத் தட்டினாரு. அது பொதக்குனு உள்ள போயிருச்சு. அடியில பூரா கருப்பா தார் மாதிரி ஒரு கோட்டிங் அடிச்சிருந்தாங்களாம், துருப் புடிக்காம இருக்கறதுக்குன்னு. அது பழசாகி வெடிச்சு, வெடிப்புல தண்ணி பூந்து, வெளிய வர வழியில்லாம உள்ளயே நின்னு தகரத்தைத் தின்னுட்டு இருக்குதாம். "பாக்கறதுக்குக் கெட்டியாத் தெரியும்மா, அத்தனையும் சுரண்டி எடுத்தாத்தான் எது தகரம் எது துருன்னு தெரியும்"னாரு பாய். சுரண்டற வேலைக்குப் பசங்க யாரும் வர மாட்டேங்கறாங்கன்னும் சொன்னாரு. இவரு உடனே "நானே சுரண்டிக்கறேன்"னுட்டாரு.

எனக்கு அன்னைக்குப் புடிச்ச பயம்.

நீயே சொல்லு. அத்தனை எடைக் காரைத் தூக்கி நிறுத்திப் போட்டு, அதுக்கடியில மல்லாந்து படுத்துக்கிட்டு, மூஞ்சிக்கு மேல சுரண்டறதுன்னா? சூடு காத்து அடிக்கற மிசினை ஒரு கையில புடிச்சு அந்தத் தாரை இளக்கறது. இன்னொரு கையில செவுத்துக்குப் பட்டி பாக்கற பிளேடு. இளகினதும் கர்க் கர்க்குனு சுரண்டறது. அப்பறம் மண்ணெண்ணெய் தொட்டுத் தொடைக்கறது, இரும்பு பிரஷ்ஷை வெச்சுத் தேய்க்கறது. ஒரு பொழுதுக்குச் சுரண்டினா நம்ம முறம் அளவு எடம் சுத்தமாகும். சோப்புப் போட்டுக் குளிச்சாலும் அந்த நாத்தம் போகாது. பக்கத்துல வந்தா ரோடு போடற எடத்துல நிக்கற மாதிரியே இருக்கும்.

நான் விடுவனா? எல்லாத்தையும் கேட்டேன். காரு மேல உழுந்துட்டா என்ன பண்ணுவீங்கன்னு கேட்டேன். அவரு பொறுமையா என்னையக் கூட்டிட்டுப் போய்க் காமிச்சாரு. காரு மூஞ்சி ஊட்டைப் பாத்து நிக்குது. முன்னாடி ஜாக்கி வெச்சுத் தூக்கி, ரெண்டு இரும்பு ஸ்டாண்டு மேல உக்கார வெச்சிருக்குது. பின்சக்கரம் ரெண்டும் தரையில. எங்க போர்டிகோ தண்ணி நிக்காம ஓடட்டும்னு கேட்டுப் பக்கம் சரிவா போட்டிருக்கறோம், பாத்துக்க. அப்பப் பின்னால உருளாதான்னு கேட்டேன். கியருல போட்டு நிறுத்தலாமில்லன்னு கேட்டேன், எனக்கும் கொஞ்சம் தெரியும். அதுக்கு அவரு, கியர்ல இருந்து பின்சக்கரத்துக்குப் போற நீளக் கம்பியைக் கழட்டியாச்சு, இனிக் கியரு புடிக்காதுன்னாரு. ஹேண்ட் பிரேக்? அது பழசு, பாதிதான் புடிக்குமாம். அப்பறம் எதுதான் புடிக்குதுன்னேன். பின்சக்கரத்துக்குப் பின்னால ரெண்டு கருங்கல்லு முட்டுக் குடுத்திருந்தாரு. அதைத் தட்டிக் காமிச்சு, "இந்தக் கல்லு இருக்கற வரைக்கும் ஒண்ணும் ஆகாது. அதுக்கும் மேல பயத்துக்கு ஸ்டெப்னி டயரு ஒண்ணு என்ற பக்கத்துலயே படுத்திருக்குது"ன்னு சிரிச்சாரு.

கல்லை நம்பறாரு கண்ணு. அம்மனை நம்ப மாட்டேங்கறாரு. எனக்கு எப்படி இருக்கும்?

ஊட்டுக்குள்ள நான் சமையக்கட்டுல இருப்பேன். வெளிய கர்க் கர்க்குனு சத்தம். அந்தச் சத்தம் கேட்டாப் பல்லுக் கூசும், எரிச்சலா வரும். ஆனா நின்னுச்சுன்னா அடுப்பை அப்படியே விட்டுட்டு ஓடுவேன். "ஏனுங்க"ன்னு கூப்புடுவேன். வாயில தூசி பூந்துரும்னு அவரு பேச மாட்டாரு. பிளேடுல தகரத்தை ரெண்டு தட்டுத் தட்டுவாரு. டக் டக். இருக்கறேன்னு அர்த்தம். அந்த ரெண்டு தட்டுலதான் என்ற உசுரு இருந்துச்சு அந்த மாசம் பூரா. ஒரு பொழுதுக்கு எத்தனை தடவை கூப்புட்டிருப்பேன்னு எனக்கே தெரியாது. ஒரு தடவைகூட அவரு சலிச்சுக்கிட்டதில்லை, அதையும் சொல்லோணும்.

ஒரு நாள், இங்க வா, ஒண்ணு காமிக்கறேன்னு கூப்புட்டாரு. குனிஞ்சு பாத்தேன். நான் உக்கார்ற பக்கம், கால் வைக்கற எடத்துல, தாரைச் சுரண்டி எடுத்த பக்கம் தகரமே இல்லை. ஓட்டை வழியா காருக்குள்ள இருக்கற சீட்டு தெரியுது. இத்தனை வருசமா வெறும் தார்தான் கண்ணு நின்னிருக்குது. அது மேல காலை வெச்சுட்டு நான் வால்பாறை மலையேறியிருக்கறேன், மடியில சுகந்தியைப் போட்டுக்கிட்டு. எனக்குத் தலையைச் சுத்திருச்சு. அவருக்கோ சந்தோசம். பாத்தியா, சுரண்டலைன்னா தெரிஞ்சிருக்குமாங்கறாரு. தெரியாமயே இருந்திருக்கலாம்னு எனக்குத் தோணுச்சு.

அன்னையில இருந்து எனக்குச் சோறு எறங்கலை. காரே ஓட்டையா இருக்குது, அதைத் தூக்கி நிறுத்துன ஸ்டாண்டு எந்தத் தகரத்துல முட்டிட்டு நிக்குதோ. நீங்க வெளிய வாங்க, வித்துத் தொலைங்கன்னு அழுதேன். இன்னும் பாதிதான் பாக்கி, முடிச்சுட்டு உன்னைய வால்பாறைக்கே கூட்டிட்டுப் போறேன்னாரு.

அப்பறம் ஆடி வெள்ளி வந்துச்சு. கோயிலுக்குப் போய்ப் பூசாரிகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். அவரு அம்மன் பாதத்துல வெச்ச எலுமிச்சம்பழம் ரெண்டு எடுத்துக் குடுத்தாரு. வண்டிச் சக்கரத்துக்கு வை, காவலா இருக்கும்னாரு. புது வண்டிக்கு எல்லாரும் வைக்கறதுதானே. ஆயுத பூசைக்கு வைக்கறதுதானே. சக்கரத்துக்கு முன்னால வெச்சு ஏத்தி நசுக்கறது வழக்கம். நான் யோசிச்சேன். முன்சக்கரம் ரெண்டையும் கழட்டி வெச்சிருக்குது, அதுக்கு எப்படி வைக்கறது? அதுவுமில்லாம காரு பின்னாலதானே சரியும். அப்பப் பின்சக்கரத்துக்குப் பின்னாலதான் காவல் வேணும். எனக்கும் கொஞ்சம் மூளை இருக்குது கண்ணு.

அவருக்குத் தெரிஞ்சா வேண்டாம்பாரு. அதனால அவரு இட்டிலி சாப்புட்டுட்டு இருக்கறப்ப வெளிய போனேன். பழத்துக்குக் குங்குமம் தடவினேன். வெக்கலாம்னு குனிஞ்சா, அந்த எடத்துல அந்தக் கல்லு ரெண்டும் உக்காந்திருக்குது. பழம் டயருல ஒட்டியிருக்கோணுமில்ல? ஒட்டாம வெச்சா அது சும்மா தரையில கெடக்கற பழம். அதுல என்ன காவல்? கல்லு நல்லா இறுகி நின்னுச்சு. அம்மிக் குழவியைக் கொண்டாந்து பக்கவாட்டுல தட்டித்தான் நகத்தினேன். நகத்திப் பழத்தை வெச்சேன். காரு ஒரு நூலு அசையலை. அம்மா தாயேன்னு கும்புட்டேன். எனக்கு மனசு அப்படியே குளுந்து போச்சு. கல்லையும் நான் கண்ட எடத்துல போட்டுடலை. செம்பருத்திச் செடிகிட்ட, பத்திரமா, ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி வெச்சேன். அடியில போறவரு பாத்து எடுத்து வெச்சுக்குவாரில்ல? அது அவரு சோலி.

என்ன கண்ணு, மூஞ்சி ஒரு மாதிரி ஆகுது? பஸ்ஸு ஆட்டமா? புளிப்பு மிட்டாய் இருக்குது, வாயில போட்டுக்க.

அப்பறம் அவரு வந்து எப்பவும் போல உள்ள படுத்துட்டாரு. கர்க் கர்க்குனு சத்தம் வந்துச்சு. அன்னைக்குத்தான் நான் பயமில்லாம இருந்தேன், நம்புவியா? ரொம்ப நாளைக்கப்பறம் நிம்மதியா வெங்காயம் உரிச்சுட்டு இருந்தேன். ஒரு தடவைகூடக் கூப்புடலை. அவரு ஏதோ கெட்டியான எடத்துல பலம் குடுத்துச் சுரண்டியிருப்பாரு போல, காரு ஆடற சத்தம் கேட்டுச்சு. அப்பறம் டமார்னு ஒரு சத்தம். ஊடே குலுங்குச்சு.

ஓடி வந்து பாக்கறேன், காரு கேட்டுப் பக்கம் நகந்து, ஸ்டாண்டு ரெண்டும் சாஞ்சு, மூஞ்சி தரையில உக்காந்திருக்குது. அவரு காலு மட்டும் வெளிய தெரியுது. ஒரு செருப்புக் கழண்டு கெடக்குது.

"ஏனுங்க"ன்னேன். சத்தம் இல்லை. இன்னொருக்கா கூப்புட்டேன். குனிஞ்சு பாக்கத் தெம்பில்லை. பாத்தா என்ன தெரியுமோன்னு பயம். அந்த நேரத்தை எப்படிச் சொல்றது? நம்ம வாழ்ந்தது எல்லாம் முடிஞ்சு போச்சு, இனி நான் மட்டும்தான்னு மனசுக்குள்ள ஒரு குரலு சொல்லுது. நான் நின்ன எடத்துலயே நிக்கறேன்.

அப்பக் கேட்டுச்சு. டக் டக்.

பக்கத்து ஊட்டுக்காரங்க ஓடியாந்து ஜாக்கி வெச்சுத் தூக்கினாங்க. காரு வந்து அந்த ஸ்டெப்னி டயரு மேல உக்காந்திருந்துச்சு. டயருக்குப் பக்கத்துல ஒரு சாண் எடத்துல இவரு ஒடுங்கிக் கெடந்தாரு. தோளுல மட்டும் தோலு வழண்டு போச்சு. டயருதான் காப்பாத்துச்சுன்னு எல்லாரும் சொன்னாங்க. டயராவது ஒண்ணாவது. அந்த எலுமிச்சம்பழம் ரெண்டும் எப்படி நசுங்கிக் கெடந்துச்சு தெரியுமா? வர இருந்ததை அது வாங்கிக்கிச்சு. நான் மட்டும் அன்னைக்குப் பழம் வைக்காம இருந்திருந்தா?

அவரை எழுப்பி உக்கார வெச்சோம். தண்ணி குடுத்தேன். குடிக்கலை. அந்தச் செம்பருத்திச் செடியையே பாத்துட்டு உக்காந்திருந்தாரு. செத்துப் பொழைச்ச மனுசன் பூப் பாக்கற நேரமா அது? அப்பறம் நசுங்குன பழத்தைப் பாத்தாரு. அப்பறம் என்ற கையைப் பாத்தாரு. கையில குங்குமம் அப்படியே இருந்துச்சு. எனக்குப் பயம், கோயில் பழம் வெச்சதுக்குத் திட்டப் போறாருன்னு. திட்டலை. பக்கத்து ஊட்டுக்காரரு, கல்லு முட்டுக் குடுக்கலையான்னு சத்தம் போட்டாரு. இவரு மெதுவா, "மறந்துட்டேனுங்க"ன்னாரு.

எனக்கு அப்பத்தான் திக்குனு ஆச்சு கண்ணு. ஒரு கல்லை மறந்தாச் செரி. ரெண்டையும் ஒரு மனுசன் மறப்பாரா? மில்லுல ஸ்டோர் பாத்தவரு? நான் எடுத்து அடுக்கி வெச்சிருக்கறேன், கண்ணுக்கு முன்னால செடிகிட்ட இருக்குது, உள்ள படுக்கறதுக்கு முந்தி ஒரு பார்வை பாக்க வேண்டாமா? தெனமும் பாக்கறவருதானே? பாத்திருப்பாரு. ஞாபகம்தான் இல்லை. காரு மேல உழுகறதுக்கு நான் பயந்தேன். அது போயி இப்ப இது வந்திருக்குது. காருன்னா ஜாக்கி வெச்சுத் தூக்கலாம். மனுசன் மனசு சரிஞ்சா எதை வெச்சுத் தூக்கறது?

அன்னையில இருந்து ஆளே மாறிட்டாரு. நான் ஸ்டூல் மேல ஏறினா ஓடி வந்து புடிச்சுக்கறாரு. அடுப்புகிட்டப் போனாப் பின்னாலயே வாராரு. சந்தைக்குப் போனா எலுமிச்சம்பழம் மட்டும் வாங்கிட்டு வர மாட்டேங்கறாரு. கேட்டா மறந்துட்டேங்கறாரு. பாத்தியா? கூப்புட்டா வாயைத் தொறக்காம நாற்காலிக் கையில ரெண்டு தட்டுத் தட்டறாரு. இங்கயும் அப்படித்தான், பாரேன். ஏனுங்க?

கேட்டுச்சா? சீட்டுக் கம்பியில டக் டக். காது நல்லாத்தான் கேக்குது. திரும்பிப் பாக்கலை பாரு.

சுகந்தி போன்ல அவரைச் சோதிச்சுப் பாத்தா. தேதி கேட்டா, சொன்னாரு. காரு நம்பரு கேட்டா, சொன்னாரு. எங்க கண்ணாலத்துல நான் கட்டியிருந்த சீலை என்ன நெறம்னு கேட்டா. மாம்பழக் கலரு, மயில் கழுத்துக் கரைன்னாரு. எனக்கே மறந்து போச்சு, அவரு சொன்னப்பறம்தான் கரை ஞாபகம் வந்துச்சு. செரி, அன்னைக்குக் கல்லை என்னப்பா பண்ணுனீங்கன்னு கேட்டா. தெரியலைன்னுட்டாரு. அது ஒண்ணு மட்டும் சுத்தமா அழிஞ்சு போச்சு. அப்பறம் போனை எடுத்துக்கிட்டு வாசலுக்குப் போயி அவகிட்ட என்னமோ ரகசியம் பேசினாரு. திரும்பி எங்கிட்டப் பேசறப்ப அவ குரலே மாறிப் போச்சு. "அம்மா, டாக்டரெல்லாம் எதுக்கும்மா, விட்டுரும்மா"ங்கறா. பெத்த அப்பனுக்கு மூளைச் சீக்கு, விட்டுருங்கறா.

காரையும் விக்கச் சொல்லிட்டேன். பாதி சுரண்டி, பாதி தாரோட அப்படியே நிக்குது. வர்ற ஞாயித்துக்கிழமை ஒருத்தரு வந்து எடுத்துட்டுப் போறாரு. நான் இதைச் சொன்னா ஒரு ஓரியாட்டம், பெரிய சண்டை நடக்கும்னு நெனைச்சுக்கிட்டு இருந்தேன். "நான் மறக்கற ஆளு, எனக்கு எதுக்குக் காரு, குடுத்துரு"ன்னாரு. அவ்வளவுதான். முன்னெல்லாம் ஒரு போல்ட்டை நகத்தினாக்கூடச் சண்டைக்கு வருவாரு. சண்டை போட்டிருந்தா எனக்குத் தெம்பா இருந்திருக்கும். அன்னைக்கு நான் குளிக்கற அறையில தண்ணியைத் தொறந்து விட்டுட்டு அழுதேன்.

டாக்டருகிட்ட எல்லாத்தையும் ஒண்ணு விடாமச் சொல்லோணும்னு ஒப்பிச்சுப் பாத்துட்டு வந்திருக்கறேன். காலையில பஸ்ஸ்டாண்டுல நிக்கறப்ப அவரு ஒண்ணே ஒண்ணு சொன்னாரு. பழம் வெச்சதையும் கல்லை நகத்தினதையும் டாக்டருகிட்டச் சொல்லாத, படிச்சவங்க சிரிப்பாங்க, நான் மறந்ததை மட்டும் சொல்லுன்னாரு. எம்மேல அவ்வளவு கரிசனம். மனசு எங்கயோ போயிட்டாலும் பொண்டாட்டியை ஒருத்தரு சிரிச்சுரக் கூடாதுன்னு நெனைக்கறாரு. அதைக் கேட்டு எனக்குக் கண்ணு கலங்கிப் போச்சு.

உக்கடம் பஸ்ஸ்டாண்டு வந்துருச்சு போல இருக்குதே. அவரும் எந்திரிச்சுட்டாரு. இரு, பையை எடுத்துக்கறேன்.

என்ன கண்ணு, கையைப் புடிக்கற? ஏதோ சொல்ல வந்தியே, என்ன? கல்லா? கல்லுக்கு என்ன? சொல்லு.

ஏனுங்க, எதுக்கு இந்தப் புள்ளையைப் பாத்துத் தலையை ஆட்டறீங்க? வேண்டாம்னு யாருகிட்டச் சொல்றீங்க? இந்தப் புள்ளையை உங்களுக்குத் தெரியுமா?

பாத்தியா கண்ணு. முன்னப் பின்னத் தெரியாதவங்களைத் தெரிஞ்சவங்களாட்டம் பாக்கறாரு. கண்ணுல தண்ணி வேற. இதையும் டாக்டருகிட்டச் சொல்லோணும். ஏனுங்க, நான் மறந்துட்டா நீங்களாவது ஞாபகப்படுத்துங்க. செரி, பாத்து எறங்குங்க, என்ற கையைப் புடிச்சுக்கங்க.